மரக்கடைக் கணக்கு: விற்பனை ஏறியது, வங்கிக் கடனும் ஏறியது

கேள்வி: சுங்கை சிப்புட்டில் கதவு, நிலை, சன்னல் சட்டம் செய்து விற்கும் பட்டறை வைத்திருக்கிறேன். விற்பனை 620,000 ரிங்கிட்டிலிருந்து இந்த வருடம் 780,000 ஆனது. கணக்காளர் 58,000 லாபம் என்கிறார். ஆனால் வங்கி ஓடி (ஓவர்டிராஃப்ட், அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் கடன்) 20,000இலிருந்து 90,000க்குப் போய்விட்டது. மொத்த லாபம் (விற்பனையில் சரக்கின் அடக்கவிலை மட்டும் போக நிற்பது) 28 விழுக்காட்டிலிருந்து 24க்கு இறங்கியிருக்கிறது. சரக்கு 90,000இலிருந்து 138,000, வரவேண்டிய பாக்கி 70,000இலிருந்து 131,000, மில்லுக்குத் தரவேண்டியது 45,000இலிருந்து 62,000 என்று ஏறியுள்ளன. வீட்டுக்கு எடுத்தது 36,000. பணம் எங்கே போகிறது?

பதில்: கொஞ்சம் பட்டறை மூலையில் அடுக்கிக் கிடக்கிறது, அதைவிடக் கூடுதலாகக் கட்டட வேலை எடுக்கும் குத்தகையாளர்கள் கையில் இருக்கிறது. லாபம் 58,000இல் சரக்கில் ஏறிய 48,000, பாக்கியில் ஏறிய 61,000, வீட்டுக்கு எடுத்த 36,000 மூன்றையும் கழியுங்கள். மில் கூடுதலாகக் கடன் விட்ட 17,000ஐச் சேருங்கள். 70,000 துண்டு விழுகிறது. ஓடி ஏறியதும் அதே 70,000. (எந்திரத் தேய்மானமும் எந்திரக் கடன் தவணையும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்று வைத்துக்கொண்டு இரண்டையும் விட்டுவிட்டோம்.)

எங்களுக்குக் கவலை தருவது மொத்த லாபம்தான். போன வருடம் 173,600, இந்த வருடம் 187,200. விற்பனை 160,000 கூடியும் கையில் கூடியது 13,600 மட்டுமே. இப்படி இறங்கினால் முதலில் பார்க்க வேண்டியது ஒரு டன் மரத்தில் எத்தனை நிலை எடுக்கிறீர்கள் என்பதை.

நம் நாட்டில் அறுத்த மரத்துக்கு ஒரு டன் என்றால் 50 கன அடி. 2க்கு 5 அங்குல மரத்தில் ஒரு நிலைக்கு 8 அடியில் இரண்டு, 4 அடியில் ஒன்று, ஆக 20 அடி வேண்டும். அது 1.39 கன அடி. காகிதத்தில் டன்னுக்கு 36 நிலை வரும். முடிச்சு, வெடிப்பு, வளைவு என்று 15 விழுக்காடு கழிந்தால் 30தான். டன் 3,600 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், நிலைக்கு 100 ரிங்கிட் மரம் என்று விலை சொல்கிறீர்கள், உண்மையில் ஆவது 120. இழைத்தபின் 2 அங்குலம் 1¾ ஆகிவிடும், ஆனால் மில்லுக்குப் பணம் 2 அங்குலத்துக்குத்தான். அடுத்த லோரி வரும்போது ஒரு டன்னைத் தனியாக ஒதுக்கி, அதிலிருந்து தேறிய நிலைகளை எண்ணுங்கள். விலைப்பட்டியலை அந்த எண்ணிலிருந்து போடுங்கள்.

ஈரமும் லாபத்தைத் தின்னும். காயாத பச்சை மெரந்தி மரத்தில் நிலை அடித்தால் மாட்டிய பிறகு மரம் சுருங்கி மூலைப் பொருத்து விலகும். சரிசெய்ய இரண்டு ஆளுக்கு அரை நாள் கூலி, லோரி எண்ணெய் போனால் அந்த நிலையில் வந்த லாபம் மிச்சமில்லை. ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானியைப் பலகையின் நுனியில் வைக்காதீர்கள். நுனி சீக்கிரம் காயும், ஏமாற்றும். நுனியிலிருந்து ஓர் அடி தள்ளிக் குத்துங்கள்.

பாக்கி வசூலாக முன்பு 41 நாள் ஆனது, இப்போது 61. “வீட்டுக்காரர் கொடுத்தால்தான் தருவேன்” என்று குத்தகையாளர் சொல்வது வழக்கம். எழுத்தில் உள்ள கட்டுமான ஒப்பந்தங்களில் அப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது என்கிறது சிப்பா எனப்படும் 2012ஆம் ஆண்டுக் கட்டுமானத் துறைப் பணம் செலுத்தல், தீர்ப்பளிப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு. வாய்ப்பேச்சில் ஆர்டர் எடுப்பவருக்கு இந்தச் சட்டம் கைகொடுக்காது. அளவு, விலை, தவணை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். நிலை இறங்கும்போது பாதி, கதவு இறங்கும் முன் மீதி என்று பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது. நிலையோடு நின்றுபோன வீட்டைப் பூட்ட முடியாது அல்லவா?

கேள்வி: பக்கத்துத் தோட்டத்தில் மறுநடவுக்காகப் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டுகிறார்கள். கட்டை மலிவு. வாங்கி நானே அறுத்தால் லாபமா?

பதில்: கட்டையின் விலையைப் பார்த்து இறங்காதீர்கள். பால்மரம் குட்டை, வளைந்தது, வெட்டுக்காயம் உள்ளது. அறுத்த பலகையாகத் தேறுவது கட்டையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. அறுத்த ஓரிரு நாளில் போரான் மருந்து ஏற்றாவிட்டால் நீலப்பூஞ்சை பிடிக்கும், பின்னாலேயே வண்டு வரும். ஓர் அங்குலப் பலகையைச் சூளையில் காயவைக்கவும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். மருந்து, சூளை வசதி இல்லாமல் லாபம் பார்ப்பது கஷ்டம். காய்ந்த பலகையாக வாங்கினால்கூட அலமாரி, படிக்கட்டுப் பலகைக்கு மட்டும். மழை படும் சன்னலுக்கு வேண்டாம், மருந்து கரைந்துவிடும்.

கேள்வி: வண்டு அரித்த பழைய பலகை 6,000 ரிங்கிட்டுக்கு இருக்கிறது. வாங்கிய விலையையே சரக்குக் கணக்கில் காட்டலாமா?

பதில்: கூடாது. வாங்கிய விலை, விற்றால் செலவு போகக் கிடைப்பது, இரண்டில் குறைந்ததைத்தான் எழுத வேண்டும். விறகு விலைதான் தேறுமென்றால் விறகு விலை. இந்த வருட லாபம் அவ்வளவு குறையும், குறையட்டும். இனி வரும் கட்டுகளின் நுனியில் வந்த தேதியைச் சாயத்தால் எழுதிவையுங்கள். புதுக்கட்டைப் பழையதன் மேல் அடுக்காதீர்கள். ஆட்கள் எப்போதும் மேலே இருப்பதைத்தான் எடுப்பார்கள்.