குடும்பத்தோடு பிச்சாவரம் போய்ப் படகில் சுற்றிவர எவ்வளவு செலவாகும்?

பெரியவர்கள் ஐந்து பேர், பிள்ளைகள் இரண்டு பேர், சொந்தக் காரில் போகிறோம், படகுக்கு எவ்வளவு எடுத்து வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரியவர்கள் ஐந்து பேர் என்றால் மாமனார் வீட்டு ஆட்களும் வருகிறார்கள் என்று நினைக்கிறேன். சரியா? அப்படியானால் முழுவதும் படித்துவிடுங்கள்.

படகுக் கட்டணம் அவ்வப்போது மாறுகிறது. நாங்கள் போனபோது இரண்டு துடுப்புப் படகு, கூடுதல் நேரம், எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய். அந்தப் பயணத்துக்கு மொத்தமாக எனக்கு ஆன செலவு 43,900. அன்று ராத்திரி எட்டுப் பேர் சாப்பிட்டது இதில் சேராது.

கீழே வந்து "உங்கள் கவனக்குறைவுக்கு ஊரைக் குறை சொல்லாதீர்கள்" என்று எழுதப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். ஊரையும் குறை சொல்லவில்லை, படகுத் துறையையும் குறை சொல்லவில்லை. லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள், எழுந்து நிற்காதீர்கள் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். தப்பு எங்கள் குடும்பத்தின் மேல்தான். குடும்பத்தில் யார் மேல் என்பதில்தான் இன்னும் முடிவு வரவில்லை.

நாங்கள் கும்பகோணம். ஜனவரியில், பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, அணைக்கரை, காட்டுமன்னார்கோயில் வழியாகப் போனோம். நான், மனைவி, எட்டு வயது மகள், மச்சினன் நால்வரும் ஒரு படகு. மாமனார், மாமியார், மச்சினன் மனைவி, அவர்கள் பையன் இன்னொரு படகு. மோட்டார் படகு வேண்டாம் என்று சொன்னது நான்தான். அது அலையாத்திக் காட்டின் குறுகலான வாய்க்கால்களுக்குள் நுழையாது. துடுப்புப் படகில் போனால்தான் தலைக்கு மேல் கிளைகள் கூடாரமாக வளைந்து, சுரபுன்னையின் தாங்கு வேர்கள் இரண்டு பக்கமும் கால் பரப்பி நிற்பதைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன், துடுப்புப் படகிலேயே போங்கள்.

மகள் ஓர் இலையைப் பறிக்கக் கையை நீட்டினாள். படகோட்டி சட்டென்று துடுப்பால் கிளையை ஒதுக்கினார். "அது தில்லை, பாப்பா. பால் கண்ணுல பட்டா அவ்வளவுதான்." பக்கத்துப் படகிலிருந்து மாமனார் ஆரம்பித்துவிட்டார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே இந்த மரத்தால்தான், கோயிலின் தல மரம் இது, ஊருக்குள் இப்போது காடு கிடையாது, பார்க்க வேண்டுமானால் இங்கேதான் வரவேண்டும் என்று. நல்ல விஷயம்தான். ஆனால் அதைக் கேட்டதும் மச்சினனுக்குத் தில்லை மரத்தோடு ஒரு செல்ஃபி எடுக்கத் தோன்றிவிட்டது.

இந்த இடத்தில் கார்ச் சாவி எங்கே இருந்தது என்பது முக்கியம். லைஃப் ஜாக்கெட் போட்டால் சட்டைப் பை அதற்குள் போய்விடுகிறது. பேன்ட் பையில் வைத்தால் அந்தக் குண்டுச் சாவி உட்காரும்போது குத்துகிறது. அதனால் மனைவியிடம் கொடுத்தேன். அவள் கைப்பையில் போட்டாள். மகள் பிஸ்கட் கேட்டதால் பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடவில்லை. "நீங்க ஏன் கொடுத்தீங்க?" என்பது அவள் கட்சி. "நீ ஏன் மூடல?" என்பது என் கட்சி. எழுந்து நின்ற மச்சினன் பெயர் இந்த வழக்கில் எப்படியோ விட்டுப்போய்விடுகிறது.

எழுந்தான். "உக்காருங்க தம்பி" என்று படகோட்டி சொல்லி முடிப்பதற்குள் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. கவிழவில்லை. பலகை மேல் இருந்த பைதான் கவிழ்ந்தது. நான் பாய்ந்து வாரைப் பிடித்துவிட்டேன். பை கையில் இருந்தது, அதற்குள் இருந்தது எல்லாம் தண்ணீரில் இருந்தது. பிஸ்கட் பாக்கெட் மிதந்தது. மனைவியின் ஃபோனும் சாவிக்கொத்தும் மிதக்குமா?

அந்தக் கொத்தில் கார்ச் சாவியோடு ஒரு பித்தளைப் பிள்ளையாரும் வீட்டு பீரோச் சாவியும் இருந்தன. காரின் மாற்றுச் சாவி இருப்பது அந்த பீரோவில். சிரிக்காதீர்கள். உங்கள் மாற்றுச் சாவி எங்கே இருக்கிறது, அதைப் பூட்டிய சாவி எங்கே இருக்கிறது என்று இப்போதே போய்ப் பாருங்கள்.

படகோட்டி மனிதர் பதறவில்லை. துடுப்பை அந்த இடத்திலேயே சேற்றில் செங்குத்தாக ஊன்றி, "இதை விட்டுடாதீங்க, சார். இடம் போச்சுன்னா சாவி போச்சு" என்று என் கையில் பிடிக்கக் கொடுத்தார். அப்புறம் வாய்க்கால் திருப்பத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

அந்தப் பக்கம் இருளர் குடும்பங்கள் இருக்கிறார்கள். வலை, தூண்டில் எதுவும் இல்லாமல் வெறும் கையால் தண்ணீருக்கு அடியில் தடவி இறால் பிடிப்பவர்கள். வந்தவர் அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மா. கழுத்தளவுத் தண்ணீரில் நடந்தும் தவழ்ந்தும் வந்தார். ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்ததால் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். துடுப்பு ஊன்றிய இடத்தைச் சுற்றி இரண்டு கையையும் விரித்துத் தடவ ஆரம்பித்தார். முகம் எங்களைப் பார்க்கவே இல்லை, ஏதோ மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாக் கவனமும் விரலில். முதலில் ஒரு ரப்பர் செருப்பு வந்தது. அடுத்து ஒரு பாட்டில் துண்டு. அதைப் படகோட்டியிடம் பத்திரமாகக் கொடுத்தார், திரும்பத் தண்ணீரில் போடவில்லை. நடுவில் இரண்டு இறால் வந்தன, அவை பறிக்குள் போயின. வந்த வேலையை அவர் நிறுத்தவில்லை.

ஃபோன் வந்தபோது திரை எரிந்துகொண்டிருந்தது. சேற்றுக்குள்ளிருந்து என் மகள் முகம் சிரிக்கிறது. எல்லோரும் கைதட்டினோம். சாவிக்கொத்து வர முக்கால் மணி நேரம் ஆனது. அழுகிய முட்டை வாடையோடு ஒரு கறுப்பு உருண்டை. உள்ளே பிள்ளையார்.

அந்த அம்மாவுக்கு 1,000 ரூபாய் கொடுத்தேன். மச்சினன் "200 போதும் அத்தான்" என்று காதில் சொன்னான். இது பதிவாகட்டும்.

கரைக்கு வந்து சாவியைக் கழுவி, துடைத்து, பட்டனை அழுத்தினால் கார் அசையவில்லை. உப்புத் தண்ணீரில் பேட்டரியோடு கிடந்த ரிமோட். கதவே திறக்கவில்லை, அப்புறம் எங்கே கிளப்புவது? பீரோச் சாவியோடு மச்சினனை டாக்சியில் கும்பகோணத்துக்கு அனுப்பினேன். போய்வர 4,500. மதியம் போனவன் இரவு எட்டரைக்கு வந்தான். நடுவில் வீட்டில் குளித்துச் சாப்பிட்டிருக்கிறான், சட்டை மாறியிருந்தது. அதற்குள் நாங்கள் ஆட்டோவில் சிதம்பரம் வந்து லாட்ஜில் இரண்டு அறை எடுத்திருந்தோம், 3,600.

காலையில் மாற்றுச் சாவியோடு போனால் அதுவும் வேலை செய்யவில்லை! நாலு வருடம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்ததில் அதன் பேட்டரி செத்திருக்கிறது. நான் காரின் மேல் கையை ஊன்றி நின்றதைப் பார்த்து, பக்கத்தில் வேன் துடைத்துக்கொண்டிருந்த ஓட்டுநர் ஒருவர் வந்தார். சாவியை வாங்கி, ஓரத்தில் ஒரு சின்னக் குமிழை நகர்த்தினார். உள்ளிருந்து ஓர் இரும்புச் சாவி வந்தது. நாலு வருடமாக நான் ஓட்டும் வண்டி, அதற்குள் சாவி இருப்பது எனக்குத் தெரியாது. கையேட்டில் இருக்கிறதாம். அந்தத் தடிமன் புத்தகத்தை வண்டி வாங்கியவர் யாராவது படித்திருந்தால் கீழே சொல்லுங்கள், கும்பிடுகிறேன். கதவைத் திறந்ததும் அலாரம் ஊளையிட்டதில் கரையிலிருந்த கொக்கெல்லாம் கிளம்பிவிட்டது. "சாவியையே ஸ்டார்ட் பட்டன் மேல ஒட்டி வெச்சு அழுத்துங்க, சார்" என்றார். வண்டி கிளம்பிவிட்டது.

சாவிக்குள் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. அதற்குப் பேட்டரி தேவையில்லை. பக்கத்தில் கொண்டுபோனால் வண்டியே அதற்கு மின்சாரம் கொடுத்து, இது நம் சாவிதான் என்று படித்துக்கொள்ளும். பட்டன் வைத்த வண்டிகளில் பெரும்பாலும் இப்படி ஒரு வழி உண்டு. சாவியை எங்கே வைக்க வேண்டும் என்பதுதான் வண்டிக்கு வண்டி மாறும். அதோடு அவர் விட்டிருக்கலாம். "நேத்துச் சேத்துல கிடந்த சாவிய இப்படி வெச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தேன். சேற்றுச் சாவியிலும் வண்டி கிளம்பியது. டாக்சி 4,500, லாட்ஜ் 3,600.

ஃபோன் கதை வேறு. தண்ணீரிலிருந்து எடுத்ததும் அணைத்திருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் என்றால் அணைத்துவிட்டு நல்ல தண்ணீரில் லேசாக அலசிக் காயவிட வேண்டும். நாங்கள் செய்தது, ஆளாளுக்கு "எரியுதா பார், எரியுதா பார்" என்று அமுக்கியது. பத்து நிமிஷத்தில் அணைந்துவிட்டது. மாமியார் சொன்னார் என்று அரிசி டப்பாவில் நாலு நாள் புதைத்து வைத்தோம். சார்ஜ் போடும் துளையில் அரிசி மாவு அடைத்ததுதான் மிச்சம். புது ஃபோன் 18,000.

புதுச் சாவி 14,500. சேற்றுச் சாவியின் ரிமோட் பலகை பச்சைப் பூத்துவிட்டது, பலகை மட்டும் கிடைக்காது, முழுச் சாவியாக வாங்கி வண்டியோடு பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். காப்பீட்டில் வாங்கலாம் என்று நினைத்தேன். எங்கள் முகவர் பாலிசி போடும்போது "பம்பர் டு பம்பர், சார். எல்லாமே கவர்" என்றவர். இப்போது கேட்டால் சாவிக்குத் தனியாகச் சேர்க்க வேண்டுமாம், நான் சேர்க்கவில்லையாம். எல்லாமே என்றால் என்ன என்று கேட்டேன். "சாவி தவிர எல்லாமே, சார்" என்றார்.

செலவைப் பாதியாகப் பிரிக்கலாம் என்று நானாகக் கேட்கவில்லை. மாமனார்தான் பேச்சை எடுத்தார், நல்ல மனிதர். மச்சினன் "நான்தானே அத்தான் ஓடி ஓடிச் சாவி எடுத்துட்டு வந்தேன்" என்றான். இது கேள்விக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். அவன் பையன் காதுகுத்துக்கு நான் எழுதிய மொய் 10,000. நோட்டில் இருக்கிறது. என் மகள் காதுகுத்துக்கு இவன்தான் தாய்மாமன், மடியில் உட்காரவைத்துக்கொள்பவன். சீர் என்று தட்டில் வந்தது இரண்டு சீப்பு வாழைப்பழம், ஒரு கவுன், ஒரு கிராம் கூட இல்லாத தோடு. மொய் 3,000. நான் கணக்குப் பார்ப்பவன் இல்லை. நோட்டு கணக்குப் பார்க்கிறது, நான் என்ன செய்ய?

சாவி போனதற்கா இவ்வளவு நீளமான பதில் என்பவர்களுக்கு ஒன்று. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் செத்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகக் கூடியதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரில் 22 பேர். அளவுக்கு மேல் ஏற்றிய படகு, பலர் பிள்ளைகள். பிச்சாவரத்தில் எங்கள் படகு சாய்ந்த இடத்தில் ஆழம் ஐந்தடிகூட இருக்காது, மகள் ஜாக்கெட் போட்டிருந்தாள். அப்படியும் படகு சாய்ந்த அந்த ஒரு விநாடியில் நான் பிடித்தது பையை, மகளை இல்லை. மனைவி அதைக் கவனித்திருக்கிறாள். இதுவரை எதுவும் சொல்லவில்லை.

ஆகவே உங்களுக்கு: படகுக்கு 2,500 எடுத்து வையுங்கள், கூட ஆயிரம் சில்லறையாக. சாவியைக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், ஜாக்கெட்டுக்கு உள்ளே. மச்சினன் யாராவது வந்தால் அவரை மாமனார் படகில் ஏற்றிவிடுங்கள்.

மாற்றுச் சாவிக்கு நாணய வடிவப் பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டேன், 60 ரூபாய். அதை மேலே கணக்கில் சேர்க்கவில்லை. சேற்றுச் சாவியை பிளாஸ்டிக் கவரில் சுற்றி அதே பீரோவில் வைத்திருக்கிறேன். பீரோவைத் திறந்தால் இன்னும் அந்த வாடை, புடவையில் ஏறுகிறது, தூக்கிப் போடுங்கள் என்கிறாள் மனைவி. வண்டி கிளம்புகிறதே, எப்படிப் போடுவது?