சுரை வெம்புவது முதல் மல்லி கவாத்து வரை: மாடித்தோட்டக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, ஒன்றைச் செய்து பார்த்து அது கைகொடுக்காமல் போன பிறகு எழுதப்பட்டவை. என்ன செய்தீர்கள், எப்போது செய்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதியிருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது. ஒரே சிக்கலைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (தாம்பரம்): ஐயா, மூன்றாவது மாடியில் சுரைக்கொடி பந்தல் நிறையப் படர்ந்திருக்கிறது. முதலில் ஆண் பூக்களாகவே வந்தன. இப்போது பெண் பூக்களும் வருகின்றன. தேனீக்கள் வராததால் தினமும் காலை எட்டு மணிக்கு நானே மகரந்தம் சேர்த்துவிடுகிறேன். ஆனாலும் பிஞ்சுகள் மஞ்சளாகி வெம்பி உதிர்கின்றன. மண்புழு உரமும் மீன் அமிலமும் கூட்டிக் கொடுத்தும் பயனில்லை.

பதில்: நீங்கள் செய்யும் வேலை சரியானது, செய்யும் நேரம்தான் தவறு. பூசணி, பாகல், வெள்ளரி ஆகியவற்றின் பூக்கள் விடியற்காலையில் விரியும். சுரையும் பீர்க்கையும் அப்படியல்ல. அவற்றின் பூக்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் விரியத் தொடங்குகின்றன. சுரையின் வெள்ளைப் பூவைத் தேடி வருபவை பெரும்பாலும் இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளே. காலை எட்டு மணிக்கு நீங்கள் தொடும் பூ முந்தைய மாலையே விரிந்து தன் வேலையை முடித்துக்கொண்ட பூவாகும். இன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் பந்தலுக்குப் போய், அடியில் பட்டுப்போன்ற மென்மயிருடன் குட்டிச் சுரை ஒட்டியிருக்கும் பூவைத் தேடுங்கள். அதுதான் பெண் பூ. நீண்ட மெல்லிய காம்பில் நிற்கும் ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைப் பின்னுக்கு மடித்து, நடுவிலுள்ள மகரந்தம் விரலில் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியின் எல்லாப் பக்கங்களிலும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாக வளரக்கூடும்.

முதலில் ஆண் பூக்கள் மட்டும் வருவது இந்தக் குடும்பத்துக் கொடிகளின் இயல்பு. தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தாலும் வெயில் கடுமையாக இருந்தாலும் அந்த நிலை நீளும். ஆகவே நீங்கள் கூட்டிக் கொடுத்த, தழைச்சத்து நிறைந்த மீன் அமிலம் இலையை வளர்த்திருக்குமே தவிர, காயைக் கொண்டுவந்திருக்காது. அதை நிறுத்திவிடுங்கள். தலைக்கொடி பந்தலைத் தொட்டவுடன் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வரும், அவற்றில் பெண் பூக்கள் விரைவில் தோன்றும். காணொளிகளில் '3ஜி' என்று பெரிய இரகசியம் போலச் சொல்லப்படுவது, அந்தப் பக்கக் கிளைகளின் நுனியையும் இப்படியே கிள்ளி மூன்றாம் தலைமுறைக் கிளைகளை வரவைப்பது, அவ்வளவுதான்.

மாலையில் மகரந்தம் சேர்த்த பிறகும் பிஞ்சு அழுகினால், அதன் தோலில் ஊசி குத்தியது போன்ற புள்ளியும் அதிலிருந்து பிசின் துளியும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது பழ ஈயின் வேலை; பிஞ்சு சிறிதாக இருக்கும்போதே வலைத்துணிப் பையாலோ செய்தித்தாளாலோ மூடிக் கட்டுவதுதான் வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற வழி.

கேள்வி (மதுரை): மிளகாய்ச் செடிகளில் இலை சுருண்டுவிட்டது. புளித்த மோர், பஞ்சகவ்யம் எல்லாம் தெளித்தேன். கேட்காததால் ஒரே நாளில் வேப்பெண்ணெயும் நனையும் கந்தகமும் கலந்து அடித்தேன். இப்போது இலைகள் கருகிவிட்டன. செடியைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: கருகலுக்குக் காரணம் நோயல்ல, அந்தக் கலவைதான். எண்ணெயும் கந்தகமும் இலையில் சேர்ந்தால் இலை வெந்துபோகும். இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். இனி சில நாட்களுக்கு எதையும் தெளிக்காமல், வெயில் தணிந்த வேளையில் தண்ணீர் மட்டும் ஊற்றி, கருகிய நுனிகளைக் கிள்ளிவிடுங்கள். புதுத்துளிர் வந்தால் செடி பிழைத்துவிடும்.

சுருளல் என்பது ஓர் அறிகுறி மட்டுமே. அதன் பின்னால் மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். இலையின் ஓரங்கள் மேல்நோக்கிப் படகு போல மடிந்தால் பெரும்பாலும் இலைப்பேன். துளிர் இலைகள் கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, இலை குறுகித் தடித்தால் மஞ்சள் சிலந்தி என்னும் மிக நுண்ணிய சாறுறிஞ்சி. இலைகள் மிகச் சிறுத்து, வெளிறி, நரம்புகளுக்கிடையே புடைத்துச் செடியே குட்டையாகிவிட்டால், அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். புதுத்துளிரை ஒரு வெள்ளைத் தாளின் மேல் பிடித்து இரண்டு முறை தட்டுங்கள்; வெளிர்மஞ்சள் நிறத்தில் மெல்லிய கீற்றுகள் ஊர்ந்தால் அவை இலைப்பேன்கள். சிலந்தியைக் காணப் பூதக்கண்ணாடி வேண்டும்.

இலைப்பேனுக்கு, இலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளியுங்கள். சிலந்திக்குக் கந்தகம் மட்டும் போதும், லிட்டருக்கு 2 முதல் 3 கிராம். அதையும் கொளுத்தும் வெயிலில் தெளிக்கக் கூடாது. வைரஸ் என்றால் மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதே மற்றச் செடிகளைக் காக்கும். இந்த முடிவை எடுக்கத் தயங்கி, ஒரு செடியின் மீதுள்ள பாசத்தால் பத்துச் செடிகளை இழப்பவர்கள் அதிகம்.

கேள்வி (உடுமலைப்பேட்டை): எடை குறைவாக இருக்கட்டும் என்று வெறும் தென்னை நார்க்கழிவில் கத்தரி, தக்காளி நாற்றுகளை நட்டேன். பொள்ளாச்சிப் பக்கத்து ஆலையிலிருந்து நேரடியாக வாங்கியது. நாற்றுகள் மஞ்சளாகி, இலை நுனி காய்ந்து, அப்படியே நிற்கின்றன.

பதில்: ஆலையிலிருந்து நேரடியாக வரும் நார்க்கழிவில் உப்பு மிகுதி. இலை நுனி காய்வது அதனால்தான். மஞ்சள் நிறத்துக்குக் காரணம் வேறு. மட்காத நார்க்கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் நூறுக்கு ஒன்றையும் தாண்டும். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் கிடைக்கும் தழைச்சத்தை எல்லாம் எடுத்துக்கொள்ளும்போது நாற்றுக்கு மிஞ்சுவது எதுவுமில்லை. சிப்பிக்காளான் வித்துகளையும் யூரியாவையும் இட்டு நார்க்கழிவை மட்கவைக்கும் முறையைக் கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகப் பரிந்துரைத்து வருகிறது. அப்படி மட்கிய உரம் வாங்கக் கிடைத்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் கழிவை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வடியும் நீரின் பழுப்பு நிறம் நன்கு வெளிறும்வரை திரும்பத் திரும்ப அலசி, செம்மண், தொழு உரம், நார்க்கழிவு மூன்றையும் சம பங்காகக் கலந்து நாற்றுகளை மாற்றி நடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): கடையில் வாங்கிய கொத்தமல்லி முளைக்கவே இல்லை. முளைத்த சிலவும் உடனே பூத்துவிட்டன.

பதில்: மளிகைக் கடை மல்லி பழையதாக இருக்கலாம், விதைக்கென விற்பதை வாங்குங்கள். மல்லி விதையை இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து, நேரடியாகத் தொட்டியிலேயே விதைக்க வேண்டும். சித்திரை வெயிலில் அது பூத்து ஓடத்தான் செய்யும். ஐப்பசிக்குப் பிறகு விதையுங்கள்.

கேள்வி (வேளச்சேரி): இரண்டு அடி விட்டம், இரண்டு அடி உயரமுள்ள பைகளில் எலுமிச்சையும் மாவும் வைக்க ஆசை. பத்துப் பைகள் வைத்தால் தளம் தாங்குமா?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பையின் கொள்ளளவு ஏறத்தாழ 178 லிட்டர். மண் மிகுந்த கலவையை நிரப்பினால் நனைந்த நிலையில் ஒரு பையே 300 கிலோவை நெருங்கும். ஆட்கள் ஏறி இறங்கும் மொட்டை மாடிக்கு, கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலை 875 வைத்திருக்கும் சுமைக் கணக்கு சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 150 கிலோதான். உங்கள் பை நிற்கும் இடமோ சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, அதாவது அந்த இடத்துக்கான கணக்கு 50 கிலோவுக்கும் குறைவு. மழைக்காலத்தில் தளத்தில் தண்ணீரும் நின்றால் சுமை இன்னும் ஏறும். மரங்களைத் தரையில் வையுங்கள். மாடியில்தான் வைக்க வேண்டுமென்றால் கட்டுமானப் பொறியாளர் ஒருவரிடம் காட்டி, உத்தரம் செல்லும் இடங்களைக் கேட்டு, அவற்றின் மேல் மட்டும், பையின் அடியில் செங்கல் கொடுத்து வையுங்கள். இதில் மட்டும் 'செய்துதான் பார்ப்போமே' என்பதற்கு இடமில்லை.

கேள்வி (திருநெல்வேலி): தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகுகிறது. சுண்ணாம்புச்சத்துக் குறைவு என்றார்கள். முட்டை ஓடு போட்டும் நிற்கவில்லை.

பதில்: சுண்ணாம்புச்சத்துக் காய்க்குப் போய்ச்சேரவில்லை என்பது உண்மை, ஆனால் மண்ணில் அது இல்லை என்று பொருளில்லை. அந்தச் சத்து வேர் உறிஞ்சும் தண்ணீருடன்தான் மேலே ஏறும். தொட்டி ஒரு நாள் வறண்டு, மறுநாள் குளமானால் காயின் நுனிக்கு அது எட்டாது. முட்டை ஓடு மட்கிச் சத்தாக மாறப் பல மாதங்கள் பிடிக்கும். அதற்குள் தக்காளியின் பருவமே முடிந்துவிடும். காய்ந்த இலையால் மூடாக்குப் போட்டு, ஈரம் ஒரே சீராக இருக்குமாறு பாருங்கள். கறுத்த காய் தேறாது, பறித்துவிடுங்கள்.

கேள்வி (ஈரோடு): பப்பாளியில் மாவுப்பூச்சி. கடைக்காரர் கடுமையான மருந்து ஒன்றைத் தருகிறார். அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். இந்தப் பூச்சி 2008ஆம் ஆண்டு கோவைப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எதையும் விடாமல் பரவியது. மருந்துக்கு அது அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த அசிரோபேகஸ் பப்பாயே என்னும் மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. நீங்கள் அடிக்கும் மருந்து முதலில் கொல்வது அந்தக் குளவியைத்தான். வெள்ளைத் திரளுக்குள் ஊதித் தடித்து, பழுப்பாக உலர்ந்த பூச்சிகள் தென்பட்டால் குளவி வேலையைத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். எறும்புகள் மாவுப்பூச்சியைக் காவல் காக்கும் என்பதால் தண்டைச் சுற்றிப் பசைப்பட்டை கட்டுங்கள். அடர்ந்திருக்கும் இலைகளை வெட்டிச் சோப்புத் தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

கேள்வி (திண்டுக்கல்): தொட்டியில் குண்டுமல்லி பச்சைப்பசேலென இருக்கிறது, பூ மட்டும் இல்லை.

பதில்: கவாத்து செய்யாததுதான், அதாவது கிளைகளை வெட்டிவிடாததுதான் காரணமாக இருக்க வேண்டும், வெயில் குறைவான இடத்திலும் இப்படி ஆகும். புதுக்கிளையின் நுனியில்தான் மல்லி பூக்கும். நவம்பர் கடைசி வாரத்தில், வயல் செடியாக இருந்தால் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டுவார்கள். தொட்டிச் செடியைப் பாதியாகக் குறைத்தால் போதும். வெட்டுவதற்கு முன் சில நாட்கள் தண்ணீரை நிறுத்தி, வெட்டிய பின் மீந்த இலைகளையும் உருவிவிட்டுத் தொழு உரம் இடுங்கள். மார்ச் மாதத்திலிருந்து மொட்டு எதிர்பார்க்கலாம்.