அழிந்துவரும் காட்டில் நாட்டு மரங்களைக் கணக்கெடுத்து என்ன பயன்? நேராகக் கன்று நட்டால் போதாதா?

நடலாம். ஆனால் எந்த மரம் தானாகவே முளைத்து வருகிறது, எது முளைப்பதே இல்லை என்று தெரியாமல் எதை நடுவீர்கள்?

கணக்கெடுப்புக் குழுக்களோடு காட்டுக்குள் போய்வந்தவன் என்பதால் சொல்கிறேன், பெரிய மரங்களை எண்ணுவது சுலபம். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றி அளந்து, எண் தகடு மாட்டி, இனத்தைக் குறித்துக்கொண்டால் முடிந்தது. மரம் சரிவில் நின்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து அந்த உயரத்தைப் பார்க்க வேண்டும். இனம் தெரியவில்லையா? பூவோ காயோ உள்ள சிறு கிளையைச் செய்தித்தாளுக்குள் அழுத்திக் காயவைத்துத் தாவரவியலாளரிடம் கொடுங்கள். வெறும் இலையைக் கொடுத்தால் அவரும் பாவம், திணறுவார்.

பொறுமை வேண்டியது நாற்றுகளையும் இளங்கன்றுகளையும் எண்ணும்போதுதான். குனிந்தே முதுகு போய்விடும். ஆனால் காட்டின் நிலைமை அங்கேதான் தெரியும். தெற்கு பிரேசிலின் அரௌகாரியா மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பலகைக்காகக் கடந்த நூற்றாண்டில் வெட்டித் தள்ளியதில் இன்று மிக அருகிய நிலையில் இருக்கிறது. மிச்சமிருக்கும் காட்டுத்துண்டில் நெடிய மரங்கள் கம்பீரமாக நிற்கும். பார்த்தால் குறையே தெரியாது. ஆனால் கீழே மாடுகள் மேய்ந்தால் கன்றுகள் மிஞ்சாது. மற்ற மரங்கள் அடர்ந்து நிழல் கட்டினாலும் அதன் கன்றுகள் எளிதில் மேலெழாது. போதாததற்கு ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மொத்த எண்ணிக்கையை மட்டும் எழுதி வந்தால், காய்ப்பவை எத்தனை என்றே தெரியாது.

மாடுதான் காரணம் என்றால் வேலி போட்டாலே பாதி வேலை முடியும், நாற்றங்கால் செலவு மிச்சம். என்னைக் கேட்டால் முதலில் வேலி, அப்புறம்தான் நடவு.

நட்டே ஆகவேண்டும் என்றால், அரௌகாரியா விதையை உலர்த்தி விதை வங்கியில் ஆண்டுக்கணக்கில் வைக்க முடியாது. ஈரம் போனால் உயிரும் போய்விடும். விழுந்த பருவத்திலேயே சேகரித்து விதைக்க வேண்டும். நன்றாகக் காய்க்கும் ஒரே தாய்மரத்தில் பை நிறைய அள்ளுவது தவறு. வளரும் மரங்களெல்லாம் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவாகிவிடும். ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் பல மரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். அந்தத் தாய்மரங்கள் எங்கே நிற்கின்றன என்பதும் கணக்கெடுப்பில் குறித்த ஜிபிஎஸ் புள்ளிகளில்தான் கிடைக்கும்.