தக்காளிக்குப் போத்தல், போஞ்சிக்குப் பிறீசர்

தங்கச்சி, நீங்கள் கேட்டது இது. போன வருடம்தான் ரொறொன்ரோ ஸ்காபரோவுக்கு வந்தீர்கள். வாடகை வீட்டின் பின்வளவில் தக்காளி, போஞ்சி, வெண்டி, மிளகாய் எல்லாம் வைத்தீர்கள். இப்போது செப்டெம்பர் பிறந்ததும் காய்த்துத் தள்ளுகிறது, கொடுத்தும் முடியவில்லை. பக்கத்து வீட்டு இத்தாலிக்கார அம்மா கராஜுக்குள் போத்தல் போத்தலாகத் தக்காளி அடைக்கிறார். அதே மாதிரி எல்லாவற்றையும் அடைத்துப் பேஸ்மன்டில் வைக்கலாமா? ஊரிலிருந்து கொண்டுவந்த பிறஷர் குக்கர் அதற்குப் போதுமா? அம்மாவின் உள்ளி ஊறுகாயையும் அப்படியே போட்டு வைக்கலாமா?

தக்காளியை அடையுங்கோ. போஞ்சியையும் வெண்டியையும் அடைக்காதேயுங்கோ. குக்கர் இந்த வேலைக்கு உதவாது. உள்ளிக்குப் பிறகு வருகிறேன், அதில் ஒரு கதை இருக்கிறது.

நான் 1996 இல் வந்தவள். இரண்டாவது கோடையில் எனக்கும் உங்களைப் போலத்தான், போஞ்சி கட்டுக்கடங்கவில்லை. ஜாம் போத்தல், ஊறுகாய்ப் போத்தல் என்று கையில் அகப்பட்டதை எல்லாம் கழுவி, போஞ்சியை வெட்டிப் போட்டு, உப்புத் தண்ணி விட்டு மூடி, பெரிய சட்டியில் ஒரு மணித்தியாலம் அவித்தேன். பதினான்கு போத்தல். பேஸ்மன்ட் தட்டில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு ஒரு நாளைக்கு இரண்டு தரம் போய்ப் பார்ப்பேன், அவ்வளவு புளுகம். நத்தாருக்கு மச்சாள் வந்தாள். அவள் தாதி. நான் ஒரு போத்தலைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று சட்டியில் கொட்டப் போக, "எப்பிடி அவிச்சனீங்கள்?" என்று கேட்டாள். சொன்னேன். ஒன்றும் பேசாமல் அடுப்பை நிற்பாட்டினாள். "மச்சாள், அது மணக்காது" என்றாள். பதினான்கும் குப்பைக்குப் போனது. எனக்கு அன்றைக்கு அவளில் சரியான கோபம்.

அவள் சொன்னதுதான் சரி. மண்ணில் குளொஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்று ஒரு கிருமி இருக்கிறது. அதன் வித்துகள் கொதிதண்ணிக்குச் சாகாது. 100 பாகையில் ஓரிரு மணித்தியாலம் அவித்தாலும் தப்பிக் கிடக்கும். காற்று இல்லாத, ஈரமான, புளிப்புக் குறைந்த இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சு கக்கும். மூடிய போஞ்சிப் போத்தல் அதற்கு அரண்மனை. மணமோ நிறமோ மாறவேண்டும் என்று இல்லை. சாப்பிட்டு அரை நாள், ஒரு நாள், ஒன்றரை நாளுக்குள் கண் இமை தொங்கும், இரண்டிரண்டாகத் தெரியும், விழுங்க முடியாது, நாக்குக் குழறும், கடைசியில் மூச்சு. 2015 இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு தேவாலயச் சாப்பாட்டில் 29 பேருக்கு இந்த நோய், பொட்டுலிசம், வந்தது, ஒருவர் இறந்தார். காரணம் வீட்டில் வெறும் கொதிதண்ணியில் அவித்து அடைத்த உருளைக்கிழங்கு.

எங்கள் கைப்பக்குவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் அம்மம்மா மோர்மிளகாய் போட்டா, பாவற்காய் வத்தல் போட்டா, பனங்கிழங்கை அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியல் ஆக்கினா. எல்லாமே தண்ணியை வெளியேற்றுகிற வேலை, அல்லது உப்பும் புளியும் ஏற்றுகிற வேலை. பச்சைக் காய்கறியை ஈரத்தோடு காற்றுப் புகாமல் மூடி வைக்கிற பழக்கம் அந்த வீட்டில் இருக்கவில்லை. அதனால் மணந்து பார்த்து முடிவு சொல்லுகிற அவவின் மூக்கு அங்கே போதுமாக இருந்தது. இங்கே அந்த மூக்கை நம்பக் கூடாது.

இனிக் கணக்கு. புளிப்பை அளக்கிற பி.எச். (புளிப்புக் கூடக்கூட இந்த எண் இறங்கும்) 4.6 க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது. ஜாம், பெரும்பாலான பழங்கள், வினாகிரி ஊறுகாய் எல்லாம் அந்தப் பக்கம். அவற்றுக்குக் கொதிதண்ணியே போதும். போஞ்சி, வெண்டி, சோளம், கிழங்கு, இறைச்சி மற்றப் பக்கம். அவற்றுக்கு 116 பாகையாவது வேண்டும். அதற்கென்று பிறஷர் கனர் என்ற பெரிய பாத்திரம் விற்கிறார்கள். ஒரு லீற்றர் போத்தல் நாலாவது நிற்கவேண்டும், பத்து நிமிடம் ஆவி போகவிட்டுத்தான் பாரத்தை வைக்கவேண்டும், தானாக ஆறவேண்டும். எங்கள் விசில் குக்கர் சின்னது, கெதியாகச் சூடேறிக் கெதியாக ஆறிவிடும். புத்தகத்தில் போட்டிருக்கிற நிமிடங்கள் எல்லாம் பெரிய பாத்திரம் மெல்லச் சூடேறி மெல்ல ஆறுகிற நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தவை. அதனால் அந்த நேரம் உங்கள் குக்கருக்குப் பொருந்தாது. இன்ஸ்ரன்ட் பொட் என்கிற மின்சாரக் குக்கரும் அப்படித்தான்.

தக்காளி எல்லைக்கோட்டில் நிற்கிறது, அதுதான் அதன் சிக்கல். சில இனம் புளிக்கும், சில இனம் 4.6 ஐத் தாண்டிவிடும், பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு போத்தலுக்கும் புளிப்புச் சேர்க்கவேண்டும். அரை லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி, ஒரு லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. கடையில் போத்தலில் விற்கிற சாறு. தேசிக்காய் பிழிந்து விடலாமே என்று நினைப்பீர்கள், நானும் நினைத்தேன். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும். போத்தல் சாறு எப்போதும் ஒரே அளவு. புளிப்புக் கூடினால் சமைக்கும்போது ஒரு கிள்ளு சீனி போடுங்கோ.

ஏழு லீற்றர் போத்தலுக்கு ஏறத்தாழ 22 இறாத்தல் பழம் வேண்டும். கொதிதண்ணியில் ஒரு நிமிடம் போட்டுப் பச்சைத்தண்ணியில் எடுத்தால் தோல் கையோடு வரும். நசித்து, அடுப்பில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, சுடச்சுட, சாறு ஏற்கெனவே விட்ட சூடான போத்தலில் ஊற்றுங்கோ. மேலே அரை அங்குலம் வெறுமை விடுங்கோ. கரண்டிக் காம்பால் ஓரத்தைக் கிண்டிக் காற்றுக் குமிழியை எடுத்து, விளிம்பைத் துடைத்து, மூடியை விரல்நுனியால் மட்டும் இறுக்குங்கோ. எங்கள் வீட்டு ஆண்கள் மூடி இறுக்குகிற மாதிரி இறுக்கினால் உள்ளே இருக்கிற காற்று வெளியே போகாது. சட்டியின் அடியில் ஒரு தட்டி, போத்தலுக்கு மேல் ஒரு அங்குலம் தண்ணி. தண்ணி நன்றாகக் கொதிக்கத் தொடங்கிய பிறகு நேரம் பாருங்கோ: அரை லீற்றர் 35 நிமிடம், ஒரு லீற்றர் 45 நிமிடம். இது ரொறொன்ரோக் கணக்கு. கல்கரி மாதிரி உயரமான இடத்தில் தண்ணி குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அங்கே நேரம் கூடும்.

எடுத்துத் துவாயில் வையுங்கோ, குளிர்ந்த கல்லில் வைத்தால் வெடிக்கும். பிறகு குசினியில் கொஞ்ச நேரம் இருங்கோ. ஒவ்வொரு மூடியாக "டிங்" என்று உள்வாங்கும். ஏழு போத்தலுக்கு ஏழு டிங். நான் இன்றைக்கும் தேத்தண்ணியோடு இருந்து எண்ணுவேன். அடுத்த நாள் மூடியின் நடுவை அமர்த்திப் பாருங்கோ. மேலும் கீழும் ஆடினால் அடைபடவில்லை, பிரிட்ஜில் வைத்து அந்தக் கிழமையே சமையுங்கோ.

ஒன்று மட்டும் மறக்காதேயுங்கோ. எங்கள் கை சும்மா இராது. வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொஞ்ச எண்ணெய் என்று போடச் சொல்லும். போட்டால் புளிப்புக் கணக்குக் குழம்பிவிடும். வெறும் தக்காளியாக அடையுங்கோ. ஜனவரியில் திறந்து தாளியுங்கோ.

இதற்கென்று விற்கிற போத்தல்களை கனேடியன் ரயர் கடையில் வாங்கலாம். கண்ணாடியும் மூடியை இறுக்குகிற வளையமும் வருடக்கணக்கில் உழைக்கும், தட்டை மூடி மட்டும் ஒரு தரம்தான். ஊரில் ஹோர்லிக்ஸ் போத்தல் எதற்கும் உதவும், இதற்கு உதவாது.

போஞ்சியை வெட்டி மூன்று நிமிடம் கொதிதண்ணியில் போட்டு ஐஸ் தண்ணியில் ஆற்றி, துடைத்துப் பிறீசரில் வையுங்கோ. வெண்டியைக் காம்போடு முழுதாக அதே மாதிரி. வெட்டினால் வழுவழுப்பு எல்லாம் தண்ணியில் போய்விடும். மிளகாயைக் கழுவித் துடைத்து அப்படியே பையில் போடலாம். மோர்மிளகாய்க்கு இங்கத்தை வெயில் காணாது, செப்டெம்பரில் இரவில் பனி இறங்கிப் பகலில் காய்ந்ததை நனைத்துவிடும். நான் உலர்த்தும் பெட்டியில் 55 பாகையில், சருகு மாதிரிச் சத்தம் வரும்வரை விடுவேன்.

உள்ளி. 1985 இல் வன்கூவரில் ஒரு உணவகத்தில் 36 பேருக்கு அதே பொட்டுலிசம் வந்தது. எண்ணெயில் போட்டுப் போத்தலில் விற்ற வெட்டிய உள்ளியைப் பிரிட்ஜில் வைக்காமல் வெளியே வைத்திருந்தார்கள். உள்ளி மண்ணுக்குள் விளைவது, எண்ணெய் காற்றை மறிக்கும், புளிப்பும் இல்லை. அம்மாவின் ஊறுகாயில் வினாகிரியோ தேசிப்புளியோ எவ்வளவு என்று கேளுங்கோ. "கண் அளவு" என்று சொன்னால், கொஞ்சமாகப் போட்டுப் பிரிட்ஜில் வைத்து ஒரு கிழமைக்குள் முடியுங்கோ. மேசையில் வைக்கவேண்டாம், பேஸ்மன்டில் வைக்கவே வேண்டாம்.

ஒக்டோபர் தொடக்கத்தில் இரவு வானிலையைப் பார்த்துக்கொண்டிருங்கோ. உறைபனி என்று சொன்னால் டோச் லைட்டோடு இறங்கிப் பச்சைத் தக்காளி முழுவதையும் பிடுங்கிவிடுங்கோ, ஒரு இரவில் கொடி கறுத்துப்போகும். நல்லதைப் பத்திரிகைத் தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தால் ஒவ்வொன்றாகப் பழுக்கும். பழுக்காததைப் புளி விடாமலே குழம்பு வைக்கலாம். தட்டை மூடியை இந்தச் சனிக்கிழமையே வாங்குங்கோ, இந்த மாதம் போகப் போகக் கடையில் முடிந்துவிடும்.