எட்டு ஆண்டா, நான்கு ஆண்டா?

கேள்வி: மார்வெல் படங்களைக் கதை நிகழும் வரிசையில் பார்ப்பதற்கு என் பெறாமகன் கொப்பியில் பட்டியல் போட்டு வருகிறான். ‘ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்’ படத்தோடு பட்டியல் நின்றுவிட்டது. ‘அவெஞ்சர்ஸ்’ படத்தில் வரும் நியூயோர்க் சண்டையின் இடிபாடுகளைக் காட்டிவிட்டு ‘8 ஆண்டுகளின் பின்னர்’ என்று திரையில் எழுத்து வருகிறது. அப்படியானால் கதை நடப்பது 2020இலா?
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: 2016 என்றே எழுதச் சொல்லுங்கள். பிழை அந்தத் திரை எழுத்தில்தான் இருக்கிறது. நியூயோர்க் சண்டை நடந்தது 2012இல்; ‘எண்ட்கேம்’ படத்தில் நாயகர்கள் காலத்தில் பின்னோக்கிச் சென்று அச்சண்டைக்குள் நுழையும்போது அந்த ஆண்டு திரையிலேயே காட்டப்படுகிறது. அதனோடு எட்டைக் கூட்டினால் 2020 வரும் என்பது உண்மையே. ஆனால், 2018இல் வில்லன் தானோஸ் பாதி உயிர்களை அழித்தபோது ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரும் துகள்களாக உதிர்ந்து, ஐந்து ஆண்டுகள் கழித்தே மீண்டான் என்பதால், 2020இல் அவன் பாடசாலை நடன விழாவுக்குப் போயிருக்க வழியே இல்லை.

இத்தகைய இடங்களில் நான் முதலில் பார்ப்பது பாத்திரத்தின் வயதை. ‘ஃபார் ஃப்ரம் ஹோம்’ படத்தில் வரும் பீட்டரின் கடவுச்சீட்டில் அவன் பிறந்த திகதி 2001 ஓகஸ்ட் 10 என்றிருக்கிறது. ‘ஹோம்கமிங்’ படத்திலோ, பயணிகள் படகு இரண்டாகப் பிளந்த சம்பவத்துக்குப் பின் அவனைக் கடிந்துகொள்ளும் அயர்ன் மேனான டொனி ஸ்டார்க், பதினான்கு வயதுப் பையனைச் சேர்த்துக்கொண்டதற்காக எல்லோரும் தன்னைப் பைத்தியக்காரன் என்றார்கள் என்று சொல்ல, பையன் அந்த நேரத்திலும் விடாமல் ‘பதினைந்து’ என்று திருத்துகிறான். ஸ்டார்க் அவனைச் சேர்த்துக்கொண்ட ‘சிவில் வோர்’ படத்தின் சம்பவங்களுக்கும் இக்கதைக்கும் இடையே இரண்டு மாதங்களே கழிந்ததாக அதே படம் இன்னொரு திரை எழுத்தில் கூறுகிறது. அந்த இடைவெளியில் ஓகஸ்ட் பிறந்தநாள் வந்துபோனதாகக் கொண்டால் எல்லாம் 2016இன் இலையுதிர் காலத்தோடு பொருந்திவிடும். 2020 என்றால் அவனுக்குப் பத்தொன்பது வயதாகியிருக்கும்!

எட்டு என்ற எண் எங்கிருந்து வந்திருக்கும்? ‘சிவில் வோர்’ படத்தில், ஸ்டார்க் தன்னை அயர்ன் மேன் என்று அறிவித்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன என்று விஷன் என்ற பாத்திரம் சொல்கிறது. அயர்ன் மேனின் முதற்படம் வெளியான 2008இலிருந்து எண்ணினால் அது சரியே. அந்த எட்டைத்தான் யாரோ 2012இன் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது என் ஊகம்.

பெறாமகனுக்கு இன்னொன்றும் சொல்லி வையுங்கள்: படம் வெளியான ஆண்டையே கதையின் ஆண்டாக எழுதும் குறுக்குவழி ‘எண்ட்கேம்’ வரைதான் ஓரளவுக்குச் செல்லும். 2019இல் வெளியான ‘ஃபார் ஃப்ரம் ஹோம்’ படத்தின் கதை 2024இல் நடக்கிறது.

கேள்வி: ஆண்டு எதுவும் சொல்லாத படமென்றால் என்ன செய்வது?
– வாசகி ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: கதைக்குள் வரும் பொருட்களைக் கவனியுங்கள். ‘கப்டன் மார்வெல்’ படத்தில் நாயகி கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுவது ஒரு வீடியோ வாடகைக் கடைக்குள். கையில் கிடைப்பது பேஜர். இவை தொண்ணூறுகளைக் காட்டுகின்றனவே அன்றி, ஆண்டைச் சொல்வதில்லை. ரயிலில் மார்வெல் சித்திரக்கதை எழுத்தாளர் ஸ்டான் லீ மனனம் செய்துகொண்டிருக்கும் ‘மோல்ரட்ஸ்’ படப் பிரதிதான் சரியான தடயம். அவர் நடித்த அந்தப் படம் 1995 ஒக்டோபரில் திரைக்கு வந்தது. கதையும் 1995இல்தான் நடக்கிறது.