யார் முதலில் பார்ப்பது?

வணக்கம் ஐயா,

நான் உதவி இயக்குநர். எங்கள் படத்துக்கு ஸ்டோரிபோர்டு போடலாம், அதாவது காட்சிகளை முன்கூட்டியே கட்டம் கட்டமாக வரைந்து வைக்கலாம் என்று சொன்னேன். "கார்ட்டூனா எடுக்கிறோம்? செட்டில் பார்த்துக்கலாம், முன்னாடியே வரைந்தால் உயிர் போய்விடும்" என்று இயக்குநர் எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டார். எனக்கு வரைய வராது. அதனால் ஏஐயில் உருவாக்கிய படங்களை இணைத்திருக்கிறேன். ஸ்டோரிபோர்டு அவசியமா? எந்த மென்பொருள் நல்லது?

க.

அன்புள்ள க.,

எல்லோர் முன்னாலும் சிரித்தது வலிக்கத்தான் செய்யும். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். மென்பொருள் எதுவானாலும் சரி, அதை விடுங்கள். ஆனால் நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

ஒவ்வொன்றையும் சட்டம் போட்டு மாட்டலாம், அவ்வளவு அழகு. மூன்றாவதில் மகள் வலப்பக்கம் பார்க்கிறாள். நான்காவதில் அப்பாவும் வலப்பக்கமே பார்க்கிறார். இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டினால், ஒரே பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் போல இருக்கிறார்கள். இவர்கள் சண்டை போடுகிறார்கள் என்று யார் நம்புவார்கள்? மேகத்துக்கு எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறீர்கள்! கண் எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லையே.

முன்பு ஒரு குறும்பட வேலையில் உட்கார்ந்திருந்தேன். "அவள் உள்ளே வருகிறாள், மேசைமேல் கடிதத்தைப் பார்க்கிறாள், உடைந்துபோகிறாள்" என்று இயக்குநர் சொன்னார். வரைய வந்தவர் பென்சிலை எடுக்கவே இல்லை. "கடிதத்தை முதலில் பார்ப்பது யார் சார், அவளா, நாமா?" என்று கேட்டார். இயக்குநரிடம் பதில் இல்லை. நாம் முதலில் பார்த்துவிட்டால், அவள் செருப்பைக் கழற்றுவது, விளக்கைப் போடுவது எல்லாமே பதைப்புதான். அவள் முதலில் பார்த்தால் நமக்குக் கிடைப்பது முகம் மட்டும். கடிதம் அப்புறம் வரும். அது வேறு படம். அவர் இரண்டையும் வரைந்தார். குச்சி மனிதர்கள், முகத்தில் மூக்குகூடக் கிடையாது. முதல் வரிசையில் நடுக் கட்டத்தைக் கிழித்துப் போட்டதும் காட்சி சரியாகிவிட்டது.

கிழிப்பதற்குத்தான் ஐயா ஸ்டோரிபோர்டு! 1930களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னி ஸ்டுடியோவில் தனித்தனித் தாள்களில் வரைந்து பலகையில் குத்தி வைத்தார்கள். ஒன்றைப் பிடுங்கலாம், இடம் மாற்றலாம். நோட்டுப்புத்தகத்தில் அது நடக்குமா? அலங்கரித்த படத்தைக் கிழிக்க மனசு வராது, உங்களுக்கும் வரவில்லை. நான்காவது படத்தை நீங்களே தூக்கிப் போட்டிருக்க வேண்டும்.

உயிர் போய்விடும் என்கிறாரா உங்கள் இயக்குநர்? 'பதேர் பாஞ்சாலி'க்கு (1955) சத்யஜித் ராயிடம் வழக்கமான முழுத் திரைக்கதை இல்லை. கையில் இருந்தவை ஓவியங்களும் குறிப்புகளும்தான். அந்தப் படத்தில் உயிர் குறைந்துவிட்டதா? பணம் கிடைக்காமல் 'ககேமுஷா' (1980) தள்ளிப்போனபோது ஜப்பானிய இயக்குநர் குரோசாவா காட்சிகளை வண்ணத்தில் தீட்டிக்கொண்டே இருந்தார். அவர் தீட்டியவை அழகாகவே இருக்கும், ஆனால் அவர் குரோசாவா. நீங்களும் நானும் குச்சி மனிதர்களோடு நிறுத்திக்கொள்வோம்.

எல்லாக் காட்சிக்கும் தேவையில்லை. இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவதற்கு வரைந்துகொண்டிருக்காதீர்கள். சண்டை, விபத்து, கிராஃபிக்ஸ் வரும் இடங்களுக்கு வரையாமல் போனால் செட்டில் ஐம்பது பேர் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அப்பா மகள் காட்சியை மட்டும் ஆறு கட்டங்களில் பென்சிலால் போட்டு அனுப்புங்கள். நிழல் தீட்டினால் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன்.