பேயோட்டும் படங்களும் இறைநம்பிக்கையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

திருச்சி, கல்லூரி மாணவர்: ஐயா, பேய் பிடித்த ஒரு சிறுமியின் கதையான 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தை இப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தேன். முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. இதை ஏன் ஐம்பது ஆண்டுகளாகக் கொண்டாடுகிறார்கள்?

ஒரு குருவானவர் கடவுளை இழந்துகொண்டிருக்கிறார் தம்பி, அந்த ஒரு மணி நேரத்தில் நடப்பது அதுதான். டேமியன் காரஸ் இயேசு சபைத் துறவி, மனநல மருத்துவரும்கூட. மனம் உடைந்த மற்ற குருக்கள் ஆறுதல் தேடி வருவது அவரிடம்தான். அவரே சக குரு ஒருவரிடம், தன் விசுவாசம் போய்விட்டது என்று நினைப்பதாகச் சொல்கிறார். நியூயார்க்கில் அவருடைய வயதான தாய் தனியாக வாழ்கிறாள். ஏழ்மை விரதம் எடுத்த துறவியால் அவளை நல்ல மருத்துவமனையில் சேர்க்க முடியவில்லை. அவள் தனியாகவே இறந்துபோகிறாள். பிற்பாடு பேய் பிடித்துக்கொள்வது இந்தக் குற்ற உணர்வைத்தான். சிறுமியின் வாயிலிருந்து தன் தாயின் குரல் கேட்கும்போது காரஸ் கலங்குகிறாரே, முதல் ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் அந்தக் காட்சிக்கு உயிர் ஏது?

மருத்துவமனைக் காட்சிகளையும் தள்ளிவிட வேண்டாம். சிறுமியின் கழுத்தில் ஊசி ஏறும் காட்சியில் பேயும் இல்லை, மந்திரமும் இல்லை. படத்தில் எனக்கு மிகவும் தாங்க முடியாதது அதுதான்.

மதுரை வாசகி: அது உண்மைக் கதை என்கிறார்களே?

உண்மையிலிருந்து முளைத்த கற்பனை. 1949இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு சிறுவனுக்குப் பேய் பிடித்ததாகச் சொல்லி, பிறகு மிசூரியின் செயின்ட் லூயிஸ் நகரில் இயேசு சபையினர் பேயோட்டும் சடங்கு நடத்தினார்கள். அந்தச் செய்தியை 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழில் படித்தவர், அப்போது ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த வில்லியம் பீட்டர் பிளாட்டி. 1971இல் நாவலாக எழுதியபோது சிறுவனைச் சிறுமியாக மாற்றினார். சிறுமியின் தாய் நடிகை என்பதும், காரஸும், முடிவும் அவருடைய கற்பனை. படத்தை இயக்கிய வில்லியம் ஃப்ரீட்கின் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கத்தோலிக்கர் ஒருவரின் கதையை வெளியாள் ஒருவர் செய்திப்படம்போல எடுத்ததால்தான் அந்த நம்பகத்தன்மை வந்தது என்று நினைக்கிறேன்.

பாளையங்கோட்டை, மறைக்கல்வி ஆசிரியர்: படங்களில் ஒரு குருவானவர் கையில் சிலுவையோடு வந்து உடனே பேயோட்டத் தொடங்கிவிடுகிறார். திருச்சபை நடைமுறை அப்படியா?

இல்லை. திருச்சபைச் சட்டத்தின் 1172ஆம் விதிப்படி, ஆயரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் அதைச் செய்ய முடியாது. 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூலே, பேய் பிடித்திருக்கிறது என்று எளிதில் நம்பாதே என்றுதான் தொடங்குகிறது. கற்காத மொழியில் பேசுவது, மறைவானதை அறிவது, வயதுக்கும் உடலுக்கும் மீறிய பலம் ஆகியவற்றை அடையாளங்களாகச் சொல்கிறது. 1999இல் திருத்திய சடங்கு வந்தது. மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் இன்றைய நடைமுறையில் உண்டு.

ஆக, பேயோட்டுபவரின் முதல் கடமை சந்தேகப்படுவது. நல்ல படத்தையும் மோசமான படத்தையும் நான் இதை வைத்துத்தான் பிரிக்கிறேன். காரஸ் சாதாரணக் குழாய்த் தண்ணீரை எடுத்துவந்து, தீர்த்தம் என்று சொல்லித் தெளிக்கிறார். சிறுமி அலறித் துடிக்கிறாள். பேய் என்பதற்கு எதிரான சாட்சி அது என்று சிறுமியின் தாயிடமே சொல்கிறார். தன் படத்தின் பேயையே சந்தேகிக்கும் துணிவு எத்தனை திகில் படங்களுக்கு இருக்கிறது?

சேலம் வாசகர்: முடிவில் ஜெயித்தது கடவுளா, சாத்தானா? (படம் பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிச் செல்லவும்.)

பிளாட்டியையே வருத்திய கேள்வி. சாத்தான் வென்றுவிட்டதாகப் பார்வையாளர்கள் எடுத்துக்கொள்வார்களோ என்று அவர் கவலைப்பட்டார். நடப்பதை வரிசையாகப் பாருங்கள். மூத்த குரு மெரின் சடங்கின் நடுவிலேயே இறந்துவிடுகிறார். செபங்கள் முடிவடையவில்லை. காரஸ் சிறுமியைப் பிடித்து, அவளை விட்டு என்னை எடுத்துக்கொள் என்று கத்துகிறார். தீய ஆவி அவருக்குள் வந்ததும், அவள் கழுத்தை நெரிக்கப்போன தன் கைகளைத் தடுத்து, ஜன்னல் வழியே வெளியே பாய்கிறார். கீழே, படிக்கட்டின் அடியில், நண்பர் டையர் அவருக்குப் பாவமன்னிப்பு வழங்குகிறார். டையராக நடித்த வில்லியம் ஓ'மாலி நிஜமாகவே இயேசு சபைக் குரு.

விசுவாசம் போய்விட்டது என்றவர் ஓர் அந்நியரின் குழந்தைக்காக உயிரைக் கொடுக்கிறார். இது தோல்வி என்றால் சிலுவையும் தோல்விதான். 2000ஆம் ஆண்டு வெளிவந்த பதிப்பில், படம் முதலில் வெளியான 1973இல் வெட்டப்பட்ட ஓர் உரையாடல் சேர்ந்தது. ஏன் இந்தச் சிறுமி என்று காரஸ் கேட்கிறார். நம்மை அவநம்பிக்கையில் தள்ளுவதற்காக, கடவுள் நேசிக்கத் தகாத விலங்குகள் நாம் என்று நம்மையே நம்பவைப்பதற்காக என்ற பொருளில் மெரின் பதில் சொல்கிறார். அந்தப் பதிப்பையே பாருங்கள். அதில் சேர்ந்த வேறு சில பயமுறுத்தல்கள் தேவையில்லாதவை, ஆனால் இந்த உரையாடலுக்காக அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கொழும்பு வாசகர்: பேயின் குரல் யாருடையது? குளிர் நிஜமா?

குரல் மெர்சிடஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற நடிகையுடையது. குளிர் நிஜம். படுக்கையறை அரங்கையே குளிரூட்டி, மூச்சு புகையாகத் தெரியும்படி எடுத்தார்கள். மெரினாக நடித்து முதியவராகத் தெரியும் மேக்ஸ் வான் சிடோவுக்கு அப்போது நாற்பதுகளின் நடுவயதுதான். அந்த முதுமை டிக் ஸ்மித்தின் ஒப்பனை.

நாகர்கோவில் வாசகி: எங்கள் உறவுக்காரப் பெண்ணுக்கு வலிப்பு வருகிறது. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பேயோட்டுபவரிடம் அழைத்துப்போக வீட்டில் பேசுகிறார்கள். 'தி எக்ஸார்சிசம் ஆஃப் எமிலி ரோஸ்' படத்தைப் பார்த்துவிட்டு, பார், மருந்து பலிக்கவில்லையே என்கிறார்கள். என்ன சொல்வது?

அந்த மாத்திரையை நிறுத்தவே விடாதீர்கள் அம்மா. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. இன்றே அவளுடைய மருத்துவரிடம் பேசுங்கள்.

அந்தப் படத்துக்கு அடிப்படையான உண்மையை வீட்டாரிடம் சொல்லுங்கள். அன்னலீஸ் மிஷேல் ஜெர்மனியின் பவேரியாவில் வாழ்ந்த கல்லூரி மாணவி. வலிப்பு நோய் கண்டறியப்பட்டு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர். 1975இல் ஆயரின் அனுமதியோடு சடங்குகள் தொடங்கின. ஏறக்குறைய பத்து மாதங்களில் 67 முறை நடந்தன. கடைசி மாதங்களில் மருத்துவம் நின்றுபோனது, அவர் உணவையும் மறுத்தார். 1976 ஜூலை 1 அன்று, 23 வயதில், பட்டினியாலும் நீரிழப்பாலும் இறந்தார். 1978இல் பெற்றோரும் இரண்டு குருக்களும் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயரின் அனுமதி இருந்தது, உண்மையான பக்தியும் இருந்தது. சந்தேகப்படும் கடமையைத்தான் கைவிட்டுவிட்டார்கள்.

2005இல் வந்த 'எமிலி ரோஸ்' இந்த வழக்கை அமெரிக்காவுக்கு மாற்றி, தராசுத் தட்டைப் பேயின் பக்கம் சாய்த்துவிட்டது. திறமையான படம்தான், ஆனாலும் அந்தச் சாய்வை என்னால் மன்னிக்க முடியவில்லை. அடுத்த ஆண்டே ஜெர்மனியில் ஹான்ஸ் கிரிஸ்டியன் ஷ்மிட் எடுத்த 'ரெக்வியம்' வந்தது. அதில் பேய் உருவமே கிடையாது. நோயும், கண்டிப்பான தாயும், பாசமுள்ள தந்தையும், தப்பிக்க வழி தெரியாத ஒரு பெண்ணும் மட்டுமே. கதாநாயகி சாண்ட்ரா ஹ்யூலருக்கு பெர்லின் விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி விருது கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து இதைப் பாருங்கள். செபிக்க விரும்புகிறவர்கள் செபிக்கட்டும், மாத்திரையும் தொடரட்டும்.

கோவை வாசகர்: பன்னிரண்டு வயது மகனுக்கு 'எக்ஸார்சிஸ்ட்' காட்டலாமா?

வேண்டாம்.

புதுச்சேரி வாசகர்: 2023இல் வந்த 'தி போப்ஸ் எக்ஸார்சிஸ்ட்' எப்படி?

கப்ரியேலே அமோர்த் உரோமை மறைமாவட்டத்தின் பேயோட்டுநராகப் பல ஆண்டுகள் பணியாற்றி, 2016இல் மறைந்தவர். அவர் பெயரை ஸ்கூட்டரில் சுற்றும் சாகச வீரருக்குச் சூட்டியிருக்கிறார்கள். ரசல் குரோவின் உற்சாகத்துக்காக ஒருமுறை பார்க்கலாம்.

தஞ்சாவூர் வாசகர்: ஒரே ஒரு படம் பரிந்துரைக்கச் சொன்னால்?

'மதர் ஜோன் ஆஃப் தி ஏஞ்சல்ஸ்'. போலந்து, 1961, இயக்கம் யெர்ஸி கவலெரோவிச். கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றது. 1634இல் பிரான்சின் லூதன் ஊரில், கன்னியர் மடத்துக்குப் பேயை ஏவியதாக உர்பான் கிராந்தியே என்ற குருவை உயிரோடு எரித்தார்கள். அந்த வரலாற்றைப் போலந்துக்குக் கொண்டுபோய், எரிப்புக்குப் பிந்தைய நாட்களில் கதை தொடங்குகிறது. புதிதாக வரும் பேயோட்டுநர் சூரின், மடத் தலைவி ஜோன் மீது காதல் கொள்கிறார். குழம்பிப்போய் ரபி எனப்படும் யூத மதகுரு ஒருவரிடம் விளக்கம் கேட்கப் போகிறார். குருவாகவும் ரபியாகவும் நடித்திருப்பவர் ஒரே நடிகர்தான், மியெச்சிஸ்வாஃப் வாய்ட். கேட்பவனும் பதில் சொல்பவனும் ஒரே முகத்தோடு எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள்.

சூரினும் காரஸைப் போலவே தீய ஆவியைத் தன்மேல் ஏற்கிறார். அது ஜோனிடம் திரும்பாமல் தன்னிடமே இருக்க வேண்டும் என்பதற்காக அவர் செய்யும் காரியம் மிகக் கொடியது. அதை இங்கே சொல்ல மாட்டேன். காரஸின் தியாகத்தைப் பார்த்து நெகிழ்ந்தவர்கள் அடுத்து இதைப் பார்க்க வேண்டும். அன்பு என்று நினைத்துக்கொண்டே ஒருவர் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து நீங்களே எடைபோடுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், அடுத்த முறை அந்த முடிவைப் பற்றியே விரிவாகப் பேசலாம்.